அமீனாவுக்குச் சோறு போட்ட சாட்சி

அம்மணி,

இன்றைக்கு மருமகள் கொள்ளு வேகவைத்துக் கடைந்தாள். பூண்டும் சீரகமும் கலந்த அந்த வாசம் வாசல்வரை வந்ததும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கிழவன் தனியாக உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்து அவள் பயந்துபோய், "ஏனுங் மாமா, என்னாச்சுங்க?" என்று ஓடிவந்தாள். "ஒண்ணுமில்ல கண்ணு, உங்கத்தை கோர்ட்டுல சாட்சி சொன்னது நெனப்பு வந்துருச்சு" என்றேன். அவளுக்கு அந்தக் கதை தெரியாதாம். தெரிந்த நீயோ இல்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் காலத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், விலையெல்லாம் விழுந்து கிடந்த சமயம் அது. புகையிலையைக் கேட்பாரில்லை. வாங்கிய கடனுக்குத் தவணை தவறி, கடன்காரர் கோயமுத்தூர் முன்சீப் கோர்ட்டில் டிக்கிரி வாங்கி, ஜப்திக்கும் உத்தரவு வாங்கிவிட்டார். நான் சந்தைக்குப் போயிருந்த அன்றைக்கா ஜப்தி பண்ணும் கோர்ட்டு ஆளான அமீனா வரவேண்டும்! திரும்பிவந்து பார்த்தால் கட்டுத்தரை வெறிச்சென்று கிடக்கிறது. செவலைக் காளையும் இல்லை, மயிலைக் காளையும் இல்லை. நீ பாட்டுக்கு எச்சில் வட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாய்.

"ஆரு சாப்புட்டது?"

"அமீனாவும் அவரு கூட வந்தவருமுங்க."

துருவிக் கேட்டு மிச்சத்தையும் உன்னிடமிருந்து வாங்கியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, வாயில் வந்ததையெல்லாம் பேசி, கிணற்றில் கவலை இறைக்கும் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனவனுக்குக் கொள்ளுப் பருப்பும் சோறுமா! நான் குதித்த குதியில் கோழியெல்லாம் கூரைமேல் ஏறிவிட்டது. நீ அசையவே இல்லை. "பசிச்ச வயித்தோட மாட்டப் புடிச்சா மூக்கணாங்கயித்த வெடுக்குனு இழுப்பாங்கங்க. வவுறு நெறைஞ்சா மெதுவா ஓட்டிட்டுப் போவாங்கல்ல?" என்றாய். தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

கிணற்றில் தண்ணீர் இருந்தது, இறைக்கத்தான் மாடில்லை. ராகிப் பயிர் நம் கண்ணெதிரே தலையைத் தொங்கப் போட்டது. அந்த வெள்ளாமையும் போனால் வீட்டில் அடுப்பெரியாது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பக்கத்துத் தோட்டத்து வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, சூலூர்ப் பக்கத்து நம் ஊரிலிருந்து கோயமுத்தூர் வக்கீலிடம் ஓடினோம். அவர் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். உழவு மாட்டையும் கவலை மாட்டையும் ஜப்தி செய்யக் கூடாது, பொழுது விழுந்தபின் வீட்டுக்குள் நுழையவும் கூடாது, அமீனா மேலேயே மனுப் போடலாம் என்றார். ஆனால் அமீனா கெட்டிக்காரன். பட்டப்பகலில் வந்ததாகவும், வெளியே நின்ற, கவலை பூட்டாத வெறும் வண்டி மாடுகளைப் பிடித்ததாகவும் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருந்தான். பார்த்த சாட்சி நீ ஒருத்திதான். "வைதான், கதவைத் தள்ளினான், இருட்டில் வந்தான் என்று அழுத்தமாகச் சொல்லம்மா" என்று வக்கீல் படித்துப் படித்துச் சொன்னார். எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினாய். அடேயப்பா, என்ன தலையாட்டல்!

கூண்டில் ஏறினாய். எதிரே அமீனா கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஜப்திக்கு வந்த அமீனா உங்களிடம் எப்படி நடந்துகொண்டார்?" என்று கேட்டார்.

"நல்லாத்தானுங்க நடந்துக்கிட்டாரு."

வக்கீல் முகம் செத்துப்போயிற்று. அமீனாவின் முகம் மலர்ந்தது. நான் பல்லைக் கடித்த சத்தம் உனக்குக் கேட்டிருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஜட்ஜான முன்சீப்புக்கு ஒன்றும் புரியவில்லை.

"அப்புறம் எதுக்கம்மா அவர் மேலே மனு?"

"மாடு வேணுமுங்களே, சாமி."

கோர்ட்டே சிரித்தது. முன்சீப் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அவர் பேசினது, கதவைத் தள்ளினது எல்லாம்?" என்றார். "நம்மூட்டுல கை நனைச்சவருங்க. அவரப் போயி எப்புடிங்க கொற சொல்றது?" என்றாய். சரி, மாடு போனது போனதுதான் என்று நான் துண்டை உதறித் தோளில் போட்டேன். அப்போதுதான் முன்சீப், "சரி, என்னதான் நல்லபடியாக நடந்துகொண்டார், சொல்லுங்கள்" என்றார்.

நீ ஆசையோடு ஆரம்பித்தாய். "கட்டுத்தரையில கண்ணு தெரியாத இருட்டுங்க. நான் சோத்துச் சட்டியோட நிக்கறனேன்னு அவரே அரிக்கேன் வெளக்கப் புடிச்சுக்கிட்டாருங்க. எங்கூட்டுக்காரரு இவிய ஊர்ல இல்லாததுனால அன்னிக்குப் பொழுதுக்கும் நாந்தான் கவலை ஓட்டுனனுங்க. மாடு ரெண்டும் வேர்த்து வழிஞ்சுட்டு நின்னுது. தண்ணி காட்டிப்போட்டு அவுத்துக்கங்கன்னு கேட்டனுங்க. மறு பேச்சுப் பேசாம நின்னாருங்க. அந்தக் கொணம் ஆருக்குங்க வரும்?"

முன்சீப் பேனாவை எடுத்துவிட்டார். "பட்டப்பகலில் அரிக்கேன் விளக்கு எதற்கு?" என்று அமீனாவைப் பார்த்துக் கேட்டார். "வண்டி மாடு எப்போது கவலை இறைத்தது?" என்று அடுத்ததைக் கேட்டார். அமீனா கட்டியிருந்த கையைப் பிரித்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். நீ மட்டும் அவனுக்குப் பரிந்துகொண்டு, "பகலில்லீங்க சாமி, வெளக்கு வெச்சு நல்ல நேரமாயிருச்சுங்க. பாவம், பசியோட வந்திருந்தாங்க" என்று சொல்லி மிச்சத்தையும் முடித்துவைத்தாய். நம் வக்கீலுக்குக் கேள்வி கேட்கும் வேலையே இல்லாமல் போயிற்று.

மாட்டைத் திருப்பிக் கொடுக்க உத்தரவாயிற்று. கடனைக் கட்டத் தவணையும் கிடைத்தது. அமீனாவின் மேல் நடவடிக்கை எடுப்பதாக முன்சீப் சொன்னதும் நீ கூண்டை விட்டு இறங்க மாட்டேன் என்று நின்றாயே! "அவரு வேலைக்கு ஒண்ணும் பண்ணிப்போடாதீங்க சாமி. சின்னச் சின்னப் புள்ளைக இருக்குதுன்னு சோறு உங்கறப்பச் சொன்னாருங்க." அவனைக் கண்டித்து எழுதியதோடு முன்சீப் விட்டுவிட்டார். அமீனா உன்னைப் பார்த்துக் கும்பிட்டான். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை, போ.

மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது, "வேணும்னுதான் அப்புடிச் சொன்னியா, புள்ள?" என்று கேட்டேன். "உள்ளதச் சொன்னனுங்க. ஒருத்தரு மேல பிராது சொல்றதுன்னா, அவரு பண்ணுன நல்லத மொதல்ல சொல்லிப்போட்டுத்தான சொல்லோணும்?" என்றாய். அன்று சாயங்காலமே ராகிக்குத் தண்ணீர் பாய்ந்தது. வரப்பில் நின்றுகொண்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அந்த வழக்கம் என்னையும் தொற்றிக்கொண்டுவிட்டது. யாரையாவது திட்ட வாயெடுத்தால் முதலில் அவர்கள் செய்த நல்லதைத் தேடுகிறேன். தேடுவதற்குள் கோபம் பாதி இறங்கிவிடுகிறது. மாமாவுக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று மருமகள் விசாரிக்கிறாள்.

உன் மேலும் எனக்கு ஒரு பிராது இருக்கிறது, அம்மணி. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் முன்னால் போய்விட்டாய். அதை நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். உன் முறைப்படி நல்லதை முதலில் சொல்கிறேன். இந்தக் கோபக்காரனோடு சிரித்துக்கொண்டே குடும்பம் நடத்தினாய். போன மாட்டை மீட்டுக் கொண்டுவந்தாய். நம் வாசலுக்கு வந்த ஒருவரையும் பசியோடு அனுப்பவில்லை. கடைசியாகப் பேசியபோதுகூட, நான் சாப்பிட்டேனா என்றுதான் கேட்டாய். எழுத எழுத இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. பிராதுக்கு இன்னும் முறை வரவில்லை.