எல்லைப் புளியமரத்தடியில் அவிழ்த்த காப்பு

மச்சான்,

இன்று காலை ஸ்பிரிட் நெடி மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றாய். சந்தனமோ, நீ வாய் ஓயாமல் மென்ற வெற்றிலையோ இல்லை. ஊசி போடுகிறவர் பஞ்சில் தொட்டுக் கையில் தேய்ப்பாரே, அந்த நெடி. போய்ச் சேர்ந்தவனை நினைக்க இதெல்லாம் ஒரு வாசனையா என்று நீயே கேட்டுச் சிரிப்பாய். என்ன செய்வது? உனக்கும் எனக்கும் நடுவில் இருந்ததெல்லாம் கரிப்புகையும் இந்த நெடியும்தானே.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஏறத் தொடங்கிவிட்டது. ஜில்லா எல்லையில் அதே புளியமரத்தடியில் காலரா ஊசிக்கு மேசை போட்டிருக்கிறார்கள். ஊசி போட்ட சீட்டு இல்லாமல் யாரும் திருத்தணிப் பக்கம் போக முடியாது. பஸ்ஸை ஓரங்கட்டினேன். இப்போது பெட்ரோல் பஸ், மச்சான். சொன்ன பேச்சுக் கேட்கிறது.

நம் பஸ் எங்கே கேட்டது! யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் கொதிகலன் மாதிரி ஒரு டிரம்மைக் கட்டி, கரியை எரித்து அந்தப் புகையில் ஓட்டினோமே. டிரைவரும் நானே, கரி அள்ளிப் போடுகிறவனும் நானே. கண்டக்டர் நீ டிக்கெட் கிழித்தபடியே பஸ்ஸைத் திட்டுவாய். "இன்னா பாய், மாட்டு வண்டிக்காரன் நம்மள தாண்டிகினு போறான், நீ பாத்துகினு கீற?" என்பாய். அரக்கோணத்தில் ஏறியவர்கள் திருத்தணியில் இறங்கும்வரை சிரித்துக்கொண்டே வருவார்கள். நான் மட்டும் உன்மேல் எரிந்து விழுவேன்.

அந்த வருஷம் நீ சிரிக்கவில்லை. எத்தனையோ வருஷம் காத்திருந்து உனக்கு ஒரு பெண் பிறந்திருந்தாள். பிறந்தபோது அழவே இல்லையாம், உடம்பெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தாளாம். பிழைத்தால் காவடி எடுக்கிறேன், உன் மலையிலேயே முடி இறக்குகிறேன் என்று அங்கேயே முருகனிடம் வேண்டிக்கொண்டாய். பிழைத்துக்கொண்டாள். திருத்தணியில் உன் மாமனார் வீட்டில் தாயும் பிள்ளையும் இருந்தார்கள். ஆடி பிறந்ததும் நீ காப்புக் கட்டிக்கொண்டாய். ஒருவேளைச் சாப்பாடு, வெற்றிலை கிடையாது. வெற்றிலை இல்லாத உன்னோடு வேலை செய்த அந்த நாட்களை நான் மன்னிக்கவே மாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் வாந்திபேதி வந்தது. அரக்கோணத்துப் பக்கத்து ஊர்களில் ஆட்கள் விழுந்தார்கள். எல்லையில் ஊசி என்ற உத்தரவு வருவதற்குள் ஜனங்கள் எல்லாரும் காப்புக் கட்டிவிட்டார்கள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் அந்த உடம்பில் கத்தி படக்கூடாது, ரத்தம் வரக்கூடாது. சவரம்கூடச் செய்ய மாட்டார்கள். அப்புறம் ஊசிக்கு யார் கை நீட்டுவார்கள்?

பரணி அன்று நம் பஸ் நிறையக் காவடி. உன்னுடையதும் மேலே கட்டியிருந்தது. புளியமரத்தடியில் போலீஸ்காரர் கை காட்டினார். சுகாதார இன்ஸ்பெக்டர் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். "இருக்கற மருந்து இவ்ளோதாங்க. அடுத்த எல்லையிலயும் கேக்கறாங்க. மத்தியானத்துக்கு மேல பெட்டி அங்க போயிடும். போட்டுக்கறவங்க சீக்கிரம் வாங்க" என்றார்.

ஒருத்தரும் அசையவில்லை. பின்சீட்டில் ஒரு அம்மாள் மட்டும் குசுகுசுவென்று, ஏரிக்கரை வழியாக நடந்தால் போலீஸ் கண்ணில் படாமல் ஊருக்குள் போய்விடலாம் என்றாள். அவ்வளவுதான், பாதிப்பேர் மூட்டையைத் தூக்கினார்கள். நீ கூரைமேல் ஏறி உன் காவடியை இறக்கினாய். தோளில் வைத்து ஏரிக்கரைப் பக்கம் நடக்கவும் ஆரம்பித்தாய். நான் தடுக்கவில்லை. உன் வேண்டுதல் எனக்குத் தெரியும்.

வரப்பு வரைக்கும் போன நீ நின்றாய். திரும்பி வந்தாய். முகம் வெளிறிப் போயிருந்தது. "வீட்ல பச்சக் கொழந்த கீது பாய். நான் தூக்கினு போறது காவடியா, வாந்திபேதியான்னு எனக்கே தெரியலயே" என்றாய்.

காவடியைத் தரையில் வைத்தாய். பிறகு வலது மணிக்கட்டை என்னிடம் நீட்டினாய்.

"அவுத்து வுடு."

"டேய், உனக்கு இன்னா பைத்தியமா?"

"கட்டினவன் தானே அவுக்கக் கூடாது. காப்பு கட்டின இன்னொரு கையும் தொடக் கூடாது. இந்த பஸ்ல காப்பு இல்லாத கை உன்னுது ஒண்ணுதான். அவுத்து இந்தக் காவடித் தண்டுல கட்டு."

"நான் தொடலாமாடா?"

"இவ்ளோ சனத்தையும் இந்தக் கையாலதான மலையடிக்குக் கொண்டாந்து சேக்கற? கயிறத் தொட்டா இன்னா ஆயிடும்?"

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பெரியவர், "சாமி குத்தம் ஆயிடும்பா" என்று கத்தினார். நீ திரும்பி, "விரதம் வயித்துல கீது, நாக்குல கீது. கயிறு செத்த நேரம் காவடில இருக்கட்டும். குத்தம்னா எம்மேல வரட்டும் பெரியவரே" என்றாய்.

வாய்க்காலில் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். நகக்கண்ணில் இருந்த கரி போகவே இல்லை. முடிச்சு வியர்வையில் ஊறி இறுகிக் கிடந்தது. அல்லாவையும் கூப்பிட்டேன், உன் முருகனையும் கூப்பிட்டேன். ஒருவழியாக அவிழ்ந்தது. தண்டில் கட்டினேன். நீ போய்ச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றாய். ஊசி ஏறியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டாய்.

அடுத்து வந்தவள் ஏரிக்கரை யோசனை சொன்ன அந்த அம்மாள்தான். "எனக்கும் அவுத்து வுடுங்க பாய்" என்றாள். பிறகு வரிசை நின்றது. கடைசியாகப் பெரியவரும் முணுமுணுத்துக்கொண்டே கையை நீட்டினார். ஒவ்வொருவர் கயிற்றையும் அவரவர் காவடியிலேயே கட்டினேன். ஊசி போட்டவர்கள் மஞ்சள் தண்ணீரில் கை நனைத்துவிட்டு வந்தார்கள், நானே திரும்பக் கட்டிவிட்டேன். பெட்டி காலியான பிறகுதான் பஸ் கிளம்பியது.

சாயந்திரம் உனக்குக் குளிர்க்காய்ச்சல் வந்துவிட்டது. ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லித்தான் இருந்தார். ஆனாலும் பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தாரே, அதை நான் மறக்கவே இல்லை. அவிழ்த்த கை என்னுடையது. உனக்கோ அந்தப் பிஞ்சுக்கோ ஏதாவது ஆனால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் பயந்துகொண்டே உன் மாமனார் வீட்டுக்கு வந்தேன். வீங்கிய கையோடு நீ உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாய். "ஊசி அதும்பாட்டுக்கு வேல செய்யுது பாய். நீதான் வேலைக்குப் போவாம இங்க நிக்கற" என்றாய். அடப்பாவி, உன்னைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது.

இடது கை தூக்க வரவில்லை. ஒற்றைக் கையால் காவடியைப் பிடித்துக்கொண்டு அரோகரா போட்டுப் படியேறினாய். முடி இறக்கியதும் உன் மகள் மலையே அதிரும்படி அழுதாள் என்று நீ எத்தனை பேரிடம் சொன்னாய்! பிறந்தபோது அழாத பிள்ளை அல்லவா. நம் பஸ்ஸில் வந்த ஒருவருக்கும் அந்த வருஷம் நோய் வரவில்லை.

முந்தின வருஷம் தை மாதம் நெஞ்சுவலி என்று உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை. உன் இடத்தில் இப்போது வேறொரு பையன் டிக்கெட் கிழிக்கிறான். நல்லவன்தான், என்னைத் திட்டவே மாட்டேன் என்கிறான்.

இன்று பஸ் நின்றதும் யாரும் ஏரிக்கரைப் பக்கம் பார்க்கவில்லை. அவர்களாகவே காவடிகளை இறக்கி மரத்தடியில் வரிசையாக வைத்தார்கள். முன்பின் பார்த்திராத ஒரு வாலிபன் வந்து, "அவுத்து வுடுங்க பாய்" என்று கையை நீட்டினான்.

"யாருப்பா உனக்கு இதச் சொன்னது?" என்று கேட்டேன்.

"இன்னா பாய், தெரியாத மாதிரி கேக்கறீங்க? எல்லைக்கு வந்தா கயிறு காவடிக்கு மாறணும். காப்பு இல்லாத கைதான் அவுக்கணும். எங்க தாத்தா காலத்துலேர்ந்து இதான பழக்கம்!"

கேட்டாயா மச்சான்? தாத்தா காலமாம்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. பீடிப்புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வரிசையின் கடைசியில் உன் மகள். அவளுக்கே அவளுக்கு ஒரு சின்னக் காவடி, நீ எடுத்த மாதிரி மயில் இறகு வைத்தது. அம்மாவின் கையை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"வலிக்குமா பாய் மாமா?"

"ஆங், வலிக்கும் கண்ணு. உங்க நைனாவுக்கும் வலிச்சிது."

"நைனா அழுதாரா?"

"கண்ண மூடிக்கினாரு."

அவளும் கண்ணை மூடிக்கொண்டாள். உன்னைப் போலவே, இறுக. ஊசி போட்டு முடிந்ததும் மஞ்சள் நீரில் கை நனைத்து, நான் கயிற்றைத் திரும்பக் கட்டும்வரை அசையாமல் நின்றாள்.

கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட வரச்சொல்லி என் வீட்டுக்காரி கூப்பிடுகிறாள். விரலெல்லாம் உன் மகளுடைய காப்பின் மஞ்சள். செத்த நேரம் இருக்கட்டும் மச்சான்.