படிக்கு எண்ணம் கூடாத விதை

அச்சன்புதூர்
ஆவணி 10

அன்புள்ள முத்துச்செல்விக்கு,

ஆமாம், சின்ன விதைதான் முதலில் முளைத்தது. பத்தாம் நாளே. நீ கேட்டபோது சிக்னல் இல்லை என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இன்று சொல்லலாம். நானும் அப்பாவும் சுகம். குற்றாலத்தில் சாரல் நின்றுவிட்டது, அசாம் மழையில், காட்டு மரம் படிக்கப் போன உனக்குத் தலை காய நேரமிருக்கிறதோ என்னவோ.

நான் வேலை செய்யும் நாற்றுப் பண்ணையில் முதலாளி ரத்தினம் அண்ணாச்சி நாவல் விதையையும் நெல் மாதிரிப் படியால்தான் அளப்பார், தெரியுமே. சின்னது என்றால் ஒரு படிக்கு எண்ணிக்கை கூடும், அதைத்தான் எண்ணம் என்பார். "எண்ணம் எதுல கூடுதோ அதப் போடுங்க, பெருங்கொட்டை எடத்த அடைக்கும்" என்றார். நீ சொன்னபடி நான் மணல் சலிக்கும் சல்லடையில் சலித்து, மேலே நின்றதில் நூறு, கீழே விழுந்ததில் நூறு, தனித்தனிப் பாத்தியில் ஊன்றினேன். பெரியது தோற்றால் என் விதைப் பொறுப்பு கூட வேலை செய்யும் சொக்கம்மாளுக்கு, நான் மறுபடி நாற்றுக் கவரில் மண் அள்ளிப் போட வேண்டும் என்று அண்ணாச்சி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். சின்னது பச்சை காட்டியதும் சொக்கம்மாள் விடவில்லை. "ஏ காளி, ஒம் பிள்ளைக இன்னும் முழிக்கலையே, தாலாட்டு பாடி ஒறங்க வச்சிட்டியோ" என்றாள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு வாரம் கழித்துப் பெரியது வந்தது. தடித்த தண்டு. ஒன்றைக் கிளறிப் பார்த்தேன், கொட்டை வற்றாமல் வேரோடு ஒட்டியிருந்தது. நாற்றுக்கு அதுதான் கட்டுச்சோறு.

ஆடிக் கடைசியில் மோட்டார் எரிந்தது. சாரலும் இல்லை. ஒன்பது நாள் காற்று மட்டும். குடத்தில் சுமந்தது போதவில்லை, இரண்டு பாத்திக்கும் ஒரே அளவுதான் ஊற்றினேன், நம்பு. சின்னதில் பதினெட்டு மிஞ்சியது. பெரியதில் எண்பத்தொன்று. அண்ணாச்சி இரண்டு தரம் எண்ணினார். மூன்றாம் தரம் சொக்கம்மாளை எண்ணச் சொன்னார். அவள் குனிந்து எண்ணி நிமிர்ந்து, "ஒண்ணு கூட இருக்கு அண்ணாச்சி, எண்பத்திரெண்டு" என்றாள். அவர் படியை என் கையில் கொடுத்து, "நீயே வச்சுக்கம்மா, இனி இதுக்கு இங்கன சோலி இல்ல" என்று போனார். எண்பத்திரண்டும் ஐப்பசியில் குற்றாலம் ரோட்டோரம் நடுவதற்குப் போகிறது.

காட்டுக்குள் போகும்போது காலில் உப்பு தேய்த்துக்கொள், அட்டை இருக்கும். மறக்காதே. நினைத்ததெல்லாம் உனக்குக் கூடி வரட்டும்.

உன் அம்மா,
காளீஸ்வரி

உறையை ஒட்டும் முன் ஒன்று. அந்தப் படியில் தண்ணீர் மொண்டு, பிழைத்த சின்னது பதினெட்டுக்கும் ஊற்றிவிட்டு வந்தேன்.