கிணற்றுமேட்டுக் கீரைப்பாத்தி

வல்லக்கோட்டை
ஐப்பசி, 1991

அன்புள்ள லீலாவுக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். கால் வீக்கம் வடிந்ததா, உப்பைக் குறை, ஸ்டூல் போட்டு ஏறிப் பரணைத் துழாவாதே, நீ செய்கிறவள்தான்.

தலைப்பிரசவத்துக்கு நீ வருகிறாய் என்று தெரிந்ததிலிருந்து அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கிணற்றுமேட்டில் உனக்கென்று கீரை போடுகிறேன் என்று கிளம்பினார். கோடையில் ஏரி வண்டல் அடிப்போமே, இந்த வருஷம் அதற்கு வண்டி கட்டவில்லை. சாலையோரம் புதிதாக வந்திருக்கும் முலாம் பட்டறையில் தொட்டியடிச் சேற்றை டிராக்டரில் வாரிக்கொண்டு போனார்கள், கருப்பாக வழவழவென்று வண்டல் மாதிரியே இருக்கிறது என்று இவரே வழிமறித்து நம் பாத்தியில் கொட்டச் சொல்லிவிட்டார். நான் மூக்கைப் பொத்தினேன், உனக்கு இன்னா தெரியும், வண்டல்னா நாறத்தான் செய்யும் என்றார்.

முதல் மழைக்கு மண்புழுவெல்லாம் மேலே வந்து வரப்பு நெடுகச் செத்துக் கிடந்தன. அதற்கப்புறம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அவர் மண்வெட்டியை எடுத்தாலே கோழிகள் பின்னால் ஓடும் என்று சிரிப்பாயே, இப்போதும் ஓடுகின்றன, கிளறிப் பார்த்துவிட்டு என் முறத்தடிக்கே திரும்பிவிடுகின்றன. கீரை மட்டும் தளதளவென்று வந்திருக்கிறது. புழு செத்த மண்ணில் விளைந்ததைப் புள்ளத்தாச்சிக்கு எப்படிப் போடுவது என்று நான் பறிக்கவில்லை. கீர நல்லாத்தான கீது என்று கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

மறுநாள் காலையில் பாத்தியைக் கொத்த ஆரம்பித்தார், ஒரு புழுவையாவது காட்டி என்னை மடக்கத்தான். மத்தியானம் வரை கொத்தினார். பிறகு கிணற்றை ஒட்டிக் கொத்தினார், அங்கே நாம் எதையும் கொட்டவில்லை, அங்கும் புழு இல்லை. அப்புறம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபடியே நின்றார். தெருக் குழாயில் தண்ணீர் வராத நாளெல்லாம் நமக்குக் குடிக்க அந்தக் கிணறுதான். சாப்பிடக் கூப்பிடப் போனேன், புள்ளைய வரச் சொல்லாத, நீ அங்க போய்டு என்றார். பெண்ணைக் கூப்பிடாவிட்டால் ஊர் என்ன பேசும் என்று என்னைவிடக் கவலைப்பட்டவர் அவர்தான்.

அதனால் நீ வர வேண்டாம் கண்ணு. எழுதவே எனக்கு மனசு வரவில்லை. கார்த்திகை பிறந்ததும் பிரசவ மருந்து இடித்து எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். மாமியாரிடம் பக்குவமாகச் சொல், எனக்குப் படுக்க அடுப்படியில் ஒரு மூலை போதும். கீரை அங்கே கடையில் வாங்கிக்கொள்ளலாம். அப்பா சேற்றை வழித்துக் குவித்து வைத்திருக்கிறார், அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நீடூழி வாழ வேண்டும், சுகப்பிரசவம் ஆக வேண்டும். பதில் எழுத மறக்காதே. இதில் உனக்கு இரண்டு வரி எழுதுங்கள் என்று நீட்டினேன், அப்பா வாங்கவில்லை. தினம் காலையில் போய்ப் பாத்தியைக் கிளறிப் பார்க்கிறார். ஒரு புழு தென்பட்டாலும் அன்றைக்கே உனக்குத் தந்தி கொடுக்க வேண்டுமாம்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
செங்கமலம்