தவக்கால வெள்ளியில் நான் போட்ட விடுகதை

கள்ளிக்குப்பம்
13-3-88

அன்புள்ள மகன் எட்மண்டுக்கு அப்பன் எழுதுறது. ஆண்டவர் புண்ணியத்துல நானும் அம்மாவும் உன் தங்கச்சி ரோஸியும் சுகமா கீறோம். பம்பாய்ல உன் சுகத்தை அம்மாவுக்கு நீ எழுதுற கடுதாசியிலதான் தெரிஞ்சுக்கறேன். அதுல என்னைப் பத்தி ஒரு வரிகூட இருக்காது, இருக்கணும்னு கேக்கற யோக்யதையும் எனக்கில்ல. ஆனா இதைக் கிழிச்சிப் போடாம கடைசி வரைக்கும் படி நைனா.

ரோஸி டைப்ரைட்டிங் பரிட்சை எழுதிட்டா. அம்மாவுக்கு முட்டிவலி, தண்ணி லாரி பின்னாடி ஓடாதேன்னா கேக்கறதில்ல. போன வெள்ளிக்கிழமை தவக்கால ஜெபம் நம்ம ஊட்டு முறை. யார் ஊட்ல ஜெபமோ அந்த ஊட்டுக்காரன் வேதத்துல வர்ற ஒரு ஜீவனைப் பத்தி எதுகையோட விடுகதை போடணும் இல்லியா, அதுல என்னை மிஞ்ச ஆளில்லன்னு எனக்குத்தான் தலைக்கனமாச்சே. போன வருஷம் யோனாவை முழுங்கின மீனைப் போட்டேன், நீதான் மொதல்ல பதில் சொன்ன. இந்த வாட்டி லேத்துகிட்ட நின்னுகினே ரெண்டு நாள் யோசிச்சுக் கட்டினேன்:

கொண்டையிலே செம்பூவு, குப்பைமேட்டு ராசா,
தொண்டையிலே மணியடிச்சி தூக்கம் கலைப்பான் லேசா,
மூணுவாட்டி தெரியாதுன்னு சொன்னவரு கேட்டு
நாணித்தேம்பி அழுதாரே, யாரு போட்ட பாட்டு?

எதுகை விழுந்துச்சான்னுதான் என் கவனமெல்லாம். சத்தமா படிக்க சொல்லதான் மூணாவது வரி என்னையே சொல்லுதுன்னு உறைச்சுது. சின்னப் புள்ளைக்கும் பதில் தெரியும், ஆனா எல்லாரும் தலையக் குனிஞ்சுகினாங்க. உபதேசியார் கிறிஸ்துதாஸ் பாயையே பார்த்துகினு இருந்தார். பக்கத்து கம்பெனி ஸ்ட்ரைக்ல நீ கொடி பிடிச்சப்ப எங்க புது மேனேஜர் உன்னைக் காட்டி உன் புள்ளையான்னு கேட்டதுக்கு, வேலை பூடும்னு பயந்து தெரியாதுன்னேன். ஆபீஸ்ல கேட்டப்பவும் அதேதான். மூணாவது வாட்டி உன்னைப் புடிச்சுகினு போன போலீஸ் ஸ்டேஷன்ல, நீ பெஞ்சுல உக்காந்து கேட்டுகினு இருக்க சொல்லவே சொன்னேன். அது காலனிக்கே தெரியும். உங்கம்மாதான் அடுப்படியிலேர்ந்து வந்து, சேவல், பதில் சொல்லியாச்சு, எல்லாரும் சுண்டல் எடுத்துக்குங்கன்னா. இயேசுவைத் தெரியாதுன்னு மூணுவாட்டி சொன்ன ராயப்பர், சேவல் கூவினதும் வெளிய போய் அழுதார். நான் அத்தனை பேர் எதிர்லயே அழுதுட்டேன்டா.

மறுநாள் காலைல மெஷினைத் தொடறதுக்கு முன்னாடி மேனேஜர் ரூமுக்குப் போனேன். அன்னிக்கு கொடி பிடிச்ச எட்மண்ட் எம்புள்ள சார், நான் பொய் சொல்லிட்டேன்னேன். அவர் பேப்பர்லேர்ந்து தலையக்கூட தூக்கல. இப்ப யாருய்யா கேட்டா, போய் வேலையப் பாருன்னுட்டார். இவ்ளோதான் நைனா. இதுக்குத்தான் பயந்துகினு உன்னை அந்த பெஞ்சுல உட்டுட்டு வந்தேன்.

ஈஸ்டருக்கு இன்னும் மூணு வாரம் கீது, லீவு கிடைச்சா வா. வர மனசில்லன்னா எனக்குன்னு ஒரு வரி எழுது, திட்டி எழுதினாலும் சரி. வேளாவேளைக்குச் சாப்பிடு, ரயில்ல தொங்கிகினு போகாதே. மாதா உன் கூடவே இருந்து காப்பாத்தட்டும். இந்த லெட்டருக்குப் பின்னாடி அனுப்புநர்னு போட்டிருக்கற இடத்தைப் பாரு, என் பேரை அங்க எழுதல. எட்மண்டின் தகப்பன்னு மட்டும் எழுதி, கம்பெனி கேட்டாண்ட இருக்கற தபால்பெட்டியிலதான் போடப்போறேன்.

இப்படிக்கு,
உன்னைத் தெரிஞ்ச அப்பன்
இக்னேஷியஸ்