செட் என்ற குட்டிச் சொல்

ஆயர் ஈத்தாம்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் அதிராவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம், லீட்ஸ் குளிரில் நீயும் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசினால் நான் கத்திவிடுவேனாம், அம்மா சொல்கிறாள், அதனால்தான் கடிதம். ஒரு வாரமாக மழை, மார்க்கெட் பக்கம் தண்ணீர் ஏறி வடிந்தது, தம்பி கோகுலன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன். எலக்ட்ரானிக்ஸை விட்டுவிட்டு ஆங்கிலச் சொற்களின் வரலாறு படிக்கிறேன், மாதக் கடைசிக்குள் மாற வேண்டும், நீங்கள் சரியென்றால்தான் மாறுவேன் என்று போன வாரம் கேட்டாய். செட் (set) என்ற ஒரு சொல்லையே வருடக்கணக்கில் படிக்கலாம் அப்பா என்றாய். மூணு எழுத்துக்கு வருஷக்கணக்கா, பைத்தியமா உனக்கு என்று போனை வைத்துவிட்டேன்.

நீ சொன்னது தப்பு என்று காட்டத்தான் நேற்று பாலம் தாண்டி செபராங் ஜெயா நூலகத்துக்குப் போனேன். தொழிற்சாலையில் என் லைனில் ஒரு பாகத்துக்கு ஒரு பெயர்தான், ஒரே பெயரில் இரண்டு பாகம் வந்தால் லைனை நிறுத்திவிடுவேன். ஷிப்ட் மாறும்போது போர்டில் வெறும் செட் என்று எழுதாதே என்று என்னோடு வேலை செய்யும் ஹாஃபிஸிடம் சண்டையே போட்டிருக்கிறேன். மெஷினைச் சரிசெய்தானா, பாகங்கள் முழுசாக வந்தனவா, சும்மா சரி என்கிறானா, எனக்கு எப்படித் தெரியும். அந்த எரிச்சலோடுதான் பெரிய அகராதியைத் திறந்தேன். அதிரா, பக்கம் திருப்பினால் செட், அடுத்த பக்கமும் செட். சூரியன் மறைவதும் அதுதான், ஜெல்லி உறைவதும், உடைந்த எலும்பைச் சேர்ப்பதும், அலாரம் வைப்பதும், மோதிரத்தில் கல் பதிப்பதும், தேநீர்க் கோப்பைகளின் தொகுதியும். என் கண் அந்தப் பொடி எழுத்தில் களைத்துப்போனது, ஆனாலும் அகராதியை மூட முடியவில்லை.

பெரிய அடி பிறகுதான். மறைவது, உறைவது, பதிப்பது எல்லாம் உட்கார வைப்பது என்ற பழைய ஆங்கில வேரிலிருந்து ஆயிரம் வருடத்துக்கு மேலாக வருகிறதாம். கோப்பை செட் அந்த வம்சமே இல்லையாம், பின்தொடர்வது என்ற லத்தீன் சொல்லிலிருந்து கிளம்பி பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்ததாம். இரண்டும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு நிற்கின்றன, போகப் போக ஒன்றோடொன்று கலந்தும்விட்டன. ஒரே பின்னில் இரண்டு வயரை நான் தப்பாக மாட்டினால் புகை வரும். இங்கே பல நூறு வருடமாக ஓடுகிறது, புகையே இல்லை. இதை யார் டிசைன் செய்தது? யாருமே இல்லை, சந்தையிலும் சமையலறையிலும் வாயைத் திறந்தவர்கள்தான். பத்தொன்பது வயதிலிருந்து மெஷின் பார்க்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை, உண்மையாகவே உடம்பு சிலிர்த்தது. வெளியே வந்ததும் ஹாஃபிஸுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன், லீவு நாள்லகூட அந்த போர்ட விட மாட்டீங்களா அண்ணே என்றான். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா மீனைப் புரட்டிப் போட்டபடியே, புள்ள படிச்சா பைத்தியம், நீங்க படிச்சா அறிவாளியா என்று கேட்டாள், தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாறிக்கொள். வேலை கிடைக்குமா என்ற பயம் எனக்குப் போகவில்லை, நீ சம்பளம் வாங்கும் வரை போகாது. அதற்காக, இதைப் பார்த்த பிறகும் பார்க்காத மாதிரி உன்னை சர்க்யூட் முன்னால் கட்டிப்போட என்னால் முடியாது. மாதக் கடைசி வரை இழுக்காதே, கடிதம் கிடைத்த அன்றே போய் எழுதிக் கொடு. ராத்திரி ரொட்டியோடு நிறுத்தாமல் சோறு வடித்துச் சாப்பிடு. எடுத்த காரியம் உனக்குக் கைகூட வேண்டும், அப்பா அம்மா ஆசி எப்போதும் உண்டு.

இன்னொன்று, அந்த இரண்டு சொல்லும் எப்போது கலக்க ஆரம்பித்தன என்று அகராதியில் எனக்குப் பிடிபடவில்லை. உன் புது வாத்தியாரிடம் கேட்டு எழுது. சீக்கிரம் எழுது, எனக்குத்தான் பொறுமை கிடையாதே.

உன் அப்பா,
சுகுமாரன்