தலைமைக்குரு வேஷம்

பாளையங்கோட்டை
27.2.2023

அன்புள்ள சிலுவை அண்ணனுக்கு,

மதினியின் முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் நமக்குள் சண்டை வருகிறது, அதனால் எழுதுகிறேன். என் மகள் ரெனிஷா, தான் கட்டிக்கொள்ளப்போகும் தானியேலுடன் லண்டனிலிருந்து பெரிய வெள்ளிக்கு உவரி வருகிறாள். அவன் யூதன் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் நடத்தும் திருப்பாடுகளின் நாடகத்தில், யூதர்கள் இயேசுவின் இரத்தப்பழியைத் தங்கள் பிள்ளைகள் மேலும் ஏற்றுக்கொண்டு கூச்சல் போடும் காட்சியை இந்த ஒரு வருடம் விட்டுவிட முடியுமா? அந்தப் பழி தவறென்று ரோமாபுரியே சொல்லி அறுபது வருடம் ஆகப்போகிறது. ரெனிஷா தகப்பன் இல்லாத பிள்ளை. மே மாதம் கல்யாணத்தில் தாய்மாமன் நீங்கள்தான் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

உங்கள் அன்புத் தங்கை
தெரசா

உவரி
8.3.2023

பாசமுள்ள தங்கச்சிக்கு,

நாங்க சுகம். மாப்பிள்ளைக்கு மதினி சீலா மீன் சொல்லி வச்சிருக்கா. காட்சியை எடுக்க ஊர் சம்மதிக்காது. அதுக்குப் பதிலா ஒரு சந்தோஷ சேதி. ஆண்டவரைச் சாவுக்குத் தீர்ப்பிடுத யூதத் தலைமைக்குரு வேஷத்தை மாப்பிள்ளைக்கே கொடுத்திருக்கோம்! இருபது வருஷமா அதைக் கட்டுத ஜெர்வின் தானாவே விட்டுக்கொடுத்துட்டான். "அண்ணாச்சி, அசல் யூதரே மேடையேறினா பக்கத்து ஊர்க்காரன் வாயைப் பொத்திக்கிட்டுப் போவான் வே" என்கான். வசனம் வேண்டாம், பைய தலையாட்டினாப் போதும். தாடி உண்டுமா? இல்லைன்னா இப்பவே வளக்கச் சொல்லு.

அண்ணன்
சிலுவை

பாளையங்கோட்டை
15.3.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை ரெனிஷா தானியேலுக்குச் சொன்னாள். சிரித்தானாம். தன் அம்மாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்றானாம். அந்த அம்மாவின் குடும்பத்தில் பதினொரு பேரை நாஜி முகாமில் கொன்றார்கள். காட்டிக்கொடுத்தவர்கள் ஞாயிறு பூசை தவறாத அண்டைவீட்டார். அசல் யூதர்தான் வேண்டுமென்றால் நம் உவரிக் கோயில் அந்தோனியார் கையிலிருக்கும் குழந்தை இயேசுவைப் பாருங்கள். அதுவும் யூதக் குழந்தைதான், பெற்றவளும் யூதப் பெண்தான்.

பிள்ளைகள் உவரிக்கு வரவில்லை. கல்யாணத்துக்கு நீங்கள் வாருங்கள்.

தங்கை
தெரசா

உவரி
10.4.2023

தங்கச்சிக்கு,

மாதாவைப் பத்தி நீ எழுதின கடுதாசியை மதினி அடுப்புல போட்டுட்டா. போகட்டும், நீ படிச்சவ. எனக்குக் கோவமில்ல. ஜெர்வினே வேஷம் கட்டினான், சனங்க வழக்கம்போல அவன்மேல மண்ணள்ளி வீசிச்சு. பெரிய வெள்ளி மூணு மணிக்கு மாப்பிள்ளைக்காக முட்டுப்போட்டு அழுதேன். அவர் முன்னோர் செஞ்ச பாவம் அவரை விட்டு நீங்கணும்னு. ஞானஸ்நானம் வாங்கச் சொல்லு, அடுத்த பஸ்ஸில வந்து கையைப் பிடிச்சுக் கொடுக்கேன். வாங்கலைன்னா ஆண்டவர் முகத்தை நான் எப்படிப் பாப்பேன்?

அண்ணன்
சிலுவை

பாளையங்கோட்டை
20.5.2023

அண்ணனுக்கு,

நேற்று பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்தது. ரெனிஷா கையை நான்தான் பிடித்துக் கொடுத்தேன். மாமா ஏன் வரவில்லை என்று தானியேல் கேட்டான். காய்ச்சல் என்றேன்.

நீங்கள் அழுதது உண்மை என்று எனக்குத் தெரியும். அவனை நீங்கள் வெறுத்திருந்தால் உங்களிடம் இன்னும் பேசிப் பார்த்திருப்பேன்.

இனி அவனுக்காகச் செபிக்க வேண்டாம்.

தெரசா