வெந்த கூடு

செவ்வாய்க்கிழமை, இரவு.

பிள்ளைகளுக்குச் செய்துகாட்ட வேண்டிய சுவாசச் சோதனையை இன்று ஆய்வகத்தில் ஒருமுறை செய்து பார்த்தேன். மூன்று ஜாடிகளிலும் தெளிந்த சுண்ணாம்பு நீர் வைத்து, இறுக மூடினேன். முதல் ஜாடியில் உயிருள்ள பட்டுக்கூடுகள். இரண்டாவதில் ஆவியில் வைத்துக் கொன்றவை. மூன்றாவதில் வெறும் பஞ்சு. உள்ளே ஏதாவது மூச்சுவிட்டால் நீர் பால்போல் வெளுக்கும்.

மாலையில் முதல் ஜாடி நன்றாக வெளுத்திருந்தது. பஞ்சு ஜாடி அப்படியே தெளிவாக இருந்தது. இரண்டாவதும் லேசாக வெளுத்திருந்தது.

"செத்தது எப்டி மேடம் மூச்சு விடும்?" என்றார் ஆய்வக உதவியாளர் சரோஜா. கூடுகளை இட்லிப் பானையில் வேகவைத்தவர் அவர்தான்.

இரண்டாவது ஜாடியின் கூடுகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். ஐந்து கூட்டுப்புழுக்கள் அசையவில்லை. ஆறாவது, வயிற்றை மெதுவாகத் திருப்பியது.

"ஐயோ, உசுரு இருக்குதும்மா! இன்னொரு வாட்டி வேகவைக்கட்டுமா?"

அப்படிச் செய்தால்தான் சோதனை சரியாக வரும். ஆனாலும் அந்தக் கூட்டை மட்டும் தனியே எடுத்து வைத்தேன்.

வெந்தபிறகும் அந்த ஜாடிக்குள் பகல் முழுவதும் அது மூச்சுவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நான் அதே மேசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.